ஜனவரி முடியப்போகிறது, ஒரு நேர்காணல் அழைப்பும் வரவில்லை: அவசர உதவி தேவை

ஒற்றைக்கால் கொக்கு | ஜனவரி 22, இரவு 11:47

வணக்கம். உயிரியல் முனைவர் பட்டத்துக்கு 9 இடங்களில் விண்ணப்பித்திருக்கிறேன். இன்றுவரை ஒன்றிலிருந்தும் அழைப்பு இல்லை. நிராகரிப்பும் இல்லை. என்னோடு விண்ணப்பித்த தோழிக்கு நான்கு அழைப்புகள் வந்துவிட்டன. இருவருக்கும் மதிப்பெண் ஏறத்தாழ ஒன்றுதான். எங்கே தவறு நடந்திருக்கும்? பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாமா? நாளைக்குள் முடிவெடுத்தாக வேண்டும், விரைவில் யாராவது சொல்லுங்கள்.

நொதி | ஜனவரி 23, காலை 6:10

எந்த நாடு? உயிரியல் என்றால் எந்த உயிரியல்? விண்ணப்பக் கடைசித் தேதி எது? நாளைக்குள் எடுக்க வேண்டிய முடிவு என்ன? இவை தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஜோசியம்தான்.

அகார் தட்டு | ஜனவரி 23, காலை 7:32

ஜிஆர்இ (மேற்படிப்பு சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண் அனுப்பினீர்களா? 'விருப்பமிருந்தால் அனுப்பலாம்' என்று போட்டிருப்பதை நம்பிப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவரை அளக்க வேறு என்ன பொது அளவுகோல் இருக்கிறது? நான் அனுப்பினேன், ஐந்து அழைப்புகள் வந்தன.

ஈ வளர்ப்பவன் | ஜனவரி 23, காலை 8:05

அந்தக் கதையை விடுங்கள். 2018 வாக்கிலிருந்து அமெரிக்க உயிரியல் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஜிஆர்இயைக் கைவிட்டுவிட்டன. அனுப்பினாலும் குழுவின் கண்ணில் காட்டாத இடங்கள் உண்டு. உங்களுக்கு ஐந்து வந்தது வேறு ஏதோ காரணத்தால் இருக்கும்.

என் சந்தேகம் நோக்க அறிக்கை மீதுதான், அதாவது ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதி அனுப்பும் கட்டுரை. 'சிறு வயதிலிருந்தே உயிரினங்கள் மீது எனக்கு ஆர்வம்' என்று தொடங்கியிருந்தால், படிப்பவர் இரண்டாம் பத்திக்குப் போயிருக்க மாட்டார். எந்தக் கேள்வியை ஆராய்ந்தீர்கள், அதில் உங்கள் கை எவ்வளவு, முடிவு என்ன, முடிவு கிடைக்கவில்லை என்றால் ஏன் கிடைக்கவில்லை, இவை முதல் பக்கத்திலேயே வர வேண்டும். தோற்றுப்போன சோதனையை நேர்மையாக எழுதியவரைக் குழு மறக்காது. அறிக்கையை இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

நொதி | ஜனவரி 23, காலை 8:11

தயவுசெய்து ஒட்டாதீர்கள். பொதுவெளியில் கிடக்கும் அறிக்கையை அடுத்த ஆண்டு இன்னொருவர் தன் பெயரில் அனுப்புவார்.

பழைய பிப்பெட் | ஜனவரி 23, காலை 9:40

பருவம் தவறாமல் ஒவ்வொரு ஜனவரியும் இதே கேள்வி. ஐந்தாறு ஆண்டுகள் ஆராய்ச்சி செய்யப்போகிறவர் பழைய இழைகளைப் பத்து நிமிடம் தேடிப் படித்திருக்கலாம். சரி, வந்துவிட்டீர்கள்.

அமெரிக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். டிசம்பர் தொடக்கத்தில் விண்ணப்பம் முடிந்தால், சில திட்டங்கள் டிசம்பர் நடுவிலேயே முதல் அழைப்புகளை அனுப்பிவிடும். சில திட்டங்களின் குழு விடுமுறைக்குப் பிறகுதான் கூடும், அழைப்பு ஜனவரிக் கடைசியில் வரும். நேர்காணல்கள் மார்ச் தொடக்கம் வரை நடக்கும். ஆகவே 22ஆம் தேதி பதறவும் வேண்டாம், காலை நீட்டிப் படுத்துக்கொள்ளவும் வேண்டாம். தோழியின் கணக்கு உங்களுக்கு உதவாது. மதிப்பெண்ணை வைத்து வரிசை கட்டும் வேலை இது இல்லை. ஆய்வக அனுபவமும் அதைப் பற்றிப் பரிந்துரைப்பவர் எழுதுவதும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கும்.

ஒற்றைக்கால் கொக்கு | ஜனவரி 23, பிற்பகல் 1:15

மன்னிக்கவும், தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். அமெரிக்காதான். டிசம்பர் 1. ஏழு மூலக்கூறு உயிரியல், இரண்டு சூழலியல். ஜிஆர்இ அனுப்பவில்லை. ஆங்கிலத் திறன் தேர்வான டோஃபல் மதிப்பெண் அனுப்பினேன். நான் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் இல்லை, தோழிக்கு உண்டு. இது முக்கியமா?

வளர் ஊடகம் | ஜனவரி 23, பிற்பகல் 1:31

முக்கியமா என்றா கேட்கிறீர்கள்? இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

மருத்துவ உயிரியல் திட்டங்களில் முதல் ஓரிரு ஆண்டு உதவித்தொகையில் ஒரு பகுதி, அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் தரும் டி32 என்ற பயிற்சி நிதியிலிருந்து வரும். அது குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டும். மற்றவர்களுக்குத் திட்டமே தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அதனால் வெளிநாட்டவருக்கான இடங்கள் சில இடங்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும். போதாததற்கு 2025 பிப்ரவரியில், ஆய்வு நிதியோடு கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்காகப் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மறைமுகச் செலவுக்கு 15 விழுக்காடு உச்சவரம்பு என்று என்ஐஎச் அறிவித்தது. நீதிமன்றம் தடுத்தாலும், அதற்குள் பல பல்கலைக்கழகங்கள் மிரண்டு சேர்க்கையைக் குறைத்தன. கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்ட இடமும் உண்டு. உங்கள் தோழியும் நீங்களும் ஒரே வரிசையில் நிற்கவே இல்லை.

பாசிக்காடு | ஜனவரி 23, பிற்பகல் 2:20

அந்த இரண்டு சூழலியல் விண்ணப்பங்களைத் தனியே எடுத்து வையுங்கள். விண்ணப்பிக்கும் முன் அங்கே யாராவது ஒரு பேராசிரியருக்கு எழுதினீர்களா?

ஒற்றைக்கால் கொக்கு | ஜனவரி 23, பிற்பகல் 2:24

இல்லை. எழுதக் கூடாது என்று சொன்னார்கள்.

பாசிக்காடு | ஜனவரி 23, பிற்பகல் 2:58

யார் சொன்னார்களோ, அவர்கள் மூலக்கூறு உயிரியல்காரர்களாக இருப்பார்கள். அவர்கள் உலகில் அது சரிதான். அங்கே ஒரு குழு சேர்த்துக்கொள்கிறது. முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். விண்ணப்பிக்கும் முன் ஒருவரைப் பிடித்து வைப்பதால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

சூழலியல், பரிணாமத் துறைகள் பலவற்றில் நேரடியாக ஓர் ஆய்வகத்துக்குள்தான் சேர்கிறீர்கள். 'இவரை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒரு பேராசிரியர் சொல்லாவிட்டால், விண்ணப்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் கேட்க நாதி இல்லை. நான் முதல் ஆண்டு இதே பிழையைச் செய்து ஆறு விண்ணப்பக் கட்டணங்களை ஆற்றில் விட்டேன். அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே நான்கு பேருக்கு எழுதினேன். ஒருவர் 'எனக்கு மாணவர் வேண்டாம்' என்றார், இருவர் பதிலே போடவில்லை, நான்காமவர்தான் இப்போது என் வழிகாட்டி. முறையான அழைப்பு என்று எனக்கு ஒன்றும் வரவில்லை. அவரோடு நாற்பது நிமிடம் பேசினேன், அதுதான் நேர்காணல் என்பதே பிறகுதான் தெரிந்தது.

இப்போதும் எழுதலாம். விண்ணப்பித்திருக்கிறேன், உங்கள் இன்ன ஆய்வு என் இன்ன கேள்வியோடு இப்படிச் சேர்கிறது, இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா. ஐந்தாறு வரி போதும்.

அகார் தட்டு | ஜனவரி 23, மாலை 4:02

எழுதுங்கள், தவறில்லை. ஆனால் நேர்முகத் தேர்வுக்கும் இப்போதே தயாராகத் தொடங்குங்கள். உண்மையான வடிகட்டல் அங்கேதான்.

ஈ வளர்ப்பவன் | ஜனவரி 23, மாலை 4:19

அது தேர்வே இல்லை ஐயா, நேர்காணல். இருவரும் ஒருவரை ஒருவர் காண்பது. அழைத்துவிட்டால் பாதி முடிவு செய்துவிட்டார்கள் என்று பொருள். அரைமணி நேரம் வீதம் நாலைந்து பேராசிரியர்களோடு உங்கள் ஆய்வைப் பற்றிப் பேசுவீர்கள், அவ்வளவுதான்.

அகார் தட்டு | ஜனவரி 23, மாலை 4:25

அவ்வளவுதான் என்றால், நேர்காணலுக்குப் போய்வந்து நிராகரிக்கப்பட்டவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பெயரை மாற்றினால் குணம் மாறிவிடுமா? தேர்வைத் தேர்வு என்றே சொல்லலாம்.

ஈ வளர்ப்பவன் | ஜனவரி 23, மாலை 4:41

சொல் முக்கியம். தேர்வு என்று நினைத்து வருகிறவர் மனப்பாடம் செய்துகொண்டு வருவார். 'உன் சோதனையில் இந்தக் கட்டுப்பாட்டுக் குழுவை ஏன் வைத்தாய்' என்று கேட்டால் நோக்க அறிக்கையின் மூன்றாம் பத்தியை ஒப்பிப்பார். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழைய பிப்பெட் | ஜனவரி 23, மாலை 5:30

இருவரும் சொற்களைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். எங்கள் திட்டத்தின் சேர்க்கைக் குழுவில் மாணவப் பிரதிநிதியாக இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றுக்குச் சுற்று அழைத்தவர்களில் பெரும்பான்மையோருக்கு இடம் கொடுத்தோம். கொடுக்காத இடங்களில் காரணம் அறிவு குறைவு என்பதாக அரிதாகவே இருந்தது. தன் பெயரில் இருந்த கட்டுரையின் இரண்டாவது படத்தை விளக்கத் தெரியாதவர் ஒருவர். விருந்தின்போது மூத்த மாணவர்களை அலட்சியமாகப் பேசியவர் இன்னொருவர். அது மறுநாள் காலையே குழுவின் காதுக்கு வந்துவிட்டது. இதைத் தேர்வு என்பீர்களோ, காணல் என்பீர்களோ, உங்கள் விருப்பம்.

அகார் தட்டு | ஜனவரி 23, மாலை 5:33

அப்படியென்றால் தேர்வுதான்.

நொதி | ஜனவரி 23, இரவு 8:15

கொக்கு அவர்களே, இந்த வாக்குவாதம் கிடக்கட்டும். ஒன்பது விண்ணப்பத் தளங்களிலும் தனித்தனியே நுழைந்து பாருங்கள். 'சமர்ப்பிக்கப்பட்டது' என்பதற்கும் 'முழுமையடைந்தது' என்பதற்கும் வேறுபாடு உண்டு. கட்டணம் செலுத்திய உடனே முதலாவது வந்துவிடும். மூன்று பரிந்துரைக் கடிதங்களும் மதிப்பெண் சான்றும் டோஃபலும் வந்து சேர்ந்தால்தான் இரண்டாவது. முழுமையடையாத கோப்பைச் சில இடங்களில் குழு திறந்தே பார்க்காது.

என் ஆண்டில் நடந்தது: எனக்குப் பரிந்துரை எழுதியவர் ஒரு தளத்தில் கடிதத்தை ஏற்றிவிட்டு, அது எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் தானாகப் போய்விடும் என்று நினைத்துவிட்டார். மற்ற இணைப்புகள் எல்லாம் அவருடைய விளம்பர மடல்களுக்கு நடுவே கிடந்தன. கேட்டபோதெல்லாம் 'அனுப்பிவிட்டேன்' என்றார், அவர் பொய் சொல்லவில்லை. நான் கண்டுபிடித்தது ஜனவரி நடுவில். இரண்டு இடங்கள் தாமதமாக ஏற்றுக்கொண்டன.

டோஃபல் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும், அந்தத் தேதியையும் பாருங்கள். உங்கள் மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும்தான். ஏதாவது குறை தெரிந்தால் பேராசிரியருக்கு எழுதாதீர்கள். திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். கோப்பு அவர் கையில்தான் இருக்கிறது.

நாளைக்குள் என்ன முடிவு என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

ஒற்றைக்கால் கொக்கு | ஜனவரி 26, காலை 10:02

மூன்று தளங்களில் ஒரு கடிதம் வரவில்லை என்று காட்டுகிறது. மூன்றிலும் ஒரே ஆசிரியர். சொல்லிவிட்டேன், இன்று ஏற்றுகிறேன் என்றார். சூழலியல் பேராசிரியர்களுக்கும் எழுதிவிட்டேன். நன்றி.

பழைய பிப்பெட் | ஜனவரி 26, காலை 10:48

மூன்று பேர் மூன்று கொள்கை சொன்னோம், கடைசியில் கடிதம். நொதி சொன்னதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

வளர் ஊடகம் | ஜனவரி 26, காலை 11:05

மூன்றில்தானே கடிதம் இல்லை? மற்ற நான்கு மூலக்கூறு உயிரியல் இடங்களும் ஏன் அமைதியாக இருக்கின்றன? நிதிதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈ வளர்ப்பவன் | ஜனவரி 26, பகல் 12:17

அல்லது நோக்க அறிக்கை.

ஒற்றைக்கால் கொக்கு | பிப்ரவரி 11, இரவு 9:20

கடிதம் தாமதமானதில் ஒன்று அழைத்திருக்கிறது. வியாழக்கிழமை காலை 9 மணிக்கு ஜூமில் நேர்காணல். சூழலியலில் ஒருவர் இந்த ஆண்டு மாணவர் எடுக்கவில்லையாம், இன்னொருவர் பதில் போடவில்லை. இரண்டு இடங்களில் நிராகரிப்பு.

பாசிக்காடு | பிப்ரவரி 11, இரவு 9:44

வாழ்த்துகள். நேர்காணல் செய்யும் ஒவ்வொருவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டுப் போங்கள். இடம் கிடைத்தால் அன்றே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உதவித்தொகையோடு வரும் வாய்ப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லலாம் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத இடங்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். பதில் போடாத அந்த ஒருவருக்கு இன்னொரு முறை எழுதலாம்.

நொதி | பிப்ரவரி 11, இரவு 9:51

வியாழக்கிழமை காலை 9 மணி என்றால் எந்த நேர வலயத்தில்? அவர்கள் நேரமா, உங்கள் நேரமா? அழைப்பில் எழுதியிருக்கிறதா?