பழைய டிரான்சிஸ்டர் ஆர்கன்: ‘ஏ’ சுரம் கீழ் ஆக்டேவ்களில் மட்டும் ஒலிக்கவில்லை

கேள்வி:
வணக்கம். 1960களின் பிற்பகுதியில் தயாரான, இரண்டு கட்டை வரிசைகள் கொண்ட டிரான்சிஸ்டர் ஆர்கன் ஒன்று பல ஆண்டுகள் மூடிக் கிடந்து என்னிடம் வந்திருக்கிறது. ‘ஏ’ சுரம் 880, 440 ஹெர்ட்ஸ்களில் தெளிவாகக் கேட்கிறது. 220 ஹெர்ட்ஸிலிருந்து கீழே எந்த ஸ்டாப்பைப் (ஒலி வகையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்) போட்டாலும், எந்த வரிசையில் அழுத்தினாலும் ஒலியே இல்லை. மற்ற பதினொரு சுரங்களும் சரியாக உள்ளன. ஸ்பீக்கரில் ஓர் இரைச்சலும் இடைவிடாமல் இருக்கிறது. வால்யூம் பெடலை முழுவதும் மூடினாலும் அது குறைவதில்லை. சில கட்டைகள் கரகரக்கின்றன. எதை முதலில் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
நீங்கள் கவனித்துச் சொன்ன விதமே பாதி வேலையை முடித்துவிட்டது. இவ்வகை ஆர்கன்களில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மூல ஆஸிலேட்டர் (அதிர்வெண்ணை உருவாக்கும் சுற்று) இருக்கும். அதன் அதிர்வெண்ணை அடுத்தடுத்த டிவைடர்கள் பாதி பாதியாகக் குறைத்துக் கீழ் ஆக்டேவ்களைத் தருகின்றன. ஆஸிலேட்டர் பழுதாகியிருந்தால் எல்லா ‘ஏ’க்களும் போயிருக்கும், கட்டையின் தொடர்பு கெட்டிருந்தால் அந்த ஒரு கட்டை மட்டுமே போயிருக்கும். ஆகவே, 440ஐ 220ஆக்கும் டிவைடரிலோ அதற்குச் சிக்னலைக் கொண்டுவரும் கெப்பாசிட்டரிலோதான் பழுது இருக்க வேண்டும். சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் உள்ளீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடராக இணைத்து, அதன் முனையால் போர்டில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேளுங்கள். ஒலி எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பது காதுக்கே தெரிந்துவிடும். டிரான்சிஸ்டரை மாற்ற நேர்ந்தால், அது ஜெர்மானியமா சிலிக்கானா என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். இரண்டின் பயாஸ் மின்னழுத்தமும் (டிரான்சிஸ்டர் இயங்கத் தர வேண்டிய மின்னழுத்தம்) வேறு என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அப்படியே வைக்க முடியாது.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பவர் சப்ளையைச் சரிசெய்யாமல் போர்டில் கை வைக்க வேண்டாம். பெடலை மூடியும் இரைச்சல் குறையவில்லை என்றால், அது பெடலுக்குப் பிந்தைய பகுதியில்தான் நுழைகிறது. இந்த வயதுள்ள கருவியில் முதல் சந்தேகம் மின்சாரத்தைச் சீராக்கும், உலர்ந்துபோன ஃபில்டர் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள்மீதே விழ வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்னூட்டத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மல்டிமீட்டரில் அளந்து உறுதிசெய்த பிறகே தொடுங்கள். புதியதன் மைக்ரோஃபாரட் மதிப்பு பழையதற்கு இணையாக இருக்கட்டும். வோல்ட் அளவு கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பழைய கருவிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே கிரவுண்டாக இருக்கும் என்பதால், துருவத்தைக் குறித்துக்கொள்ளாமல் எதையும் கழற்றாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஃபில்டர் கெப்பாசிட்டர்களை மாற்றியதும் இரைச்சல் அடங்கிவிட்டது. ‘ஏ’ போர்டில் 440இன் ஒலி இணைப்புக் கெப்பாசிட்டரின் ஒரு காலில் பலமாகவும் மறு காலில் துளியும் இல்லாமலும் இருந்தது. அதை மாற்றியதும் 220, 110, 55 மூன்றும் ஒன்றாகத் திரும்பிவிட்டன. கரகரப்பு மட்டும் மீதமிருக்கிறது.

மறுமொழி 1:
அது தொடர்புக் கம்பிகளில் படிந்த கறை. உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு உரிந்துவிடும். கான்டாக்ட் கிளீனரைப் பஞ்சில் நனைத்து பஸ்பாரை, அதாவது கட்டைகளின் கம்பிகள் தொடும் பொது உலோகத் தண்டை, துடைத்துவிட்டு, கரகரக்கும் கட்டைகளைப் பலமுறை அழுத்தி விடுங்கள். கம்பியும் பஸ்பாரும் உரசிக்கொள்ளும்போது மிஞ்சிய கறையும் பெரும்பாலும் போய்விடும்.