குழந்தைக்குத் தயிர்: டப்பாவிலும் சட்டியிலும் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்

லேபிள்காரன்

சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டி முன்னால் ஒரு பாட்டியும் மருமகளும். கையில் ஸ்ட்ராபெரி யோகர்ட், 100 கிராம் கப், மூடியில் சிரிக்கிற கன்றுக்குட்டி. "பழமும் இருக்கு, தயிரும் இருக்கு, எட்டு மாசப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேணும்" என்கிறார் பாட்டி. மருமகள் கப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே கூடையில் போட்டுவிட்டார். அந்தக் கப் இன்னும் மனசில் உறுத்துவதால்தான் இந்த இழை.

பின்னால் பார்க்க வேண்டியது முதலில் இரண்டே வரி: 'டோட்டல் சுகர்ஸ்', அதன் கீழே 'ஆடட் சுகர்ஸ்'. அந்தக் கப்பில் 13 கிராம், 8.5 கிராம். முதல் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். பாலிலேயே இருக்கும் லாக்டோஸும் அதில் அடக்கம்; எதுவுமே சேர்க்காத வெறும் தயிரிலும் 100 கிராமுக்கு 4, 5 கிராம் வரத்தான் செய்யும். இரண்டாவது எண்தான் விஷயம். 8.5 கிராம் என்பது தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. 6 முதல் 23 மாதம் வரை சர்க்கரை மிகுந்த உணவே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல்.

அடுத்தது உள்ளடக்கம். எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்றுதான் எழுத வேண்டும். 'பழத் தயாரிப்பு' என்று போட்டு ஓர் அடைப்புக்குறி இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். உள்ளே முதல் சொல் சர்க்கரையாக இருந்தால், அந்தத் தயாரிப்பில் பழத்தைவிடச் சர்க்கரைதான் அதிகம். குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், ஃப்ரக்டோஸ், பழச்சாறு கான்சன்ட்ரேட், வெல்லம் எல்லாமே அதே கணக்குதான். சில கம்பெனிகள் 'ஒரு பரிமாறலுக்கு' என்று சின்ன எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். '100 கிராமுக்கு' என்ற பத்தியை மட்டும் பாருங்கள்.

எடுக்க வேண்டிய கப்பில் உள்ளடக்கம் ஒரே வரியில் முடிந்துவிடும்: பாஸ்டரைஸ் செய்த பால், கல்ச்சர் (பாலைத் தயிராக்கும் கிருமி). பால் திடப்பொருள் சேர்த்திருந்தால் பரவாயில்லை, அதுவும் பால்தான். ஸ்டார்ச், ஜெலட்டின், நிறம், 'நேச்சர் ஐடென்டிக்கல் ஃப்ளேவர்' என்று வரி நீண்டால் வைத்துவிடுங்கள்.

டயட்அக்கா_மதுரை

அண்ணா சொன்னது சரி, ஆனா பாதிதான். 'ஆடட் சுகர் 0' மட்டும் பாத்து வாங்குறவங்களுக்கும் ஒரு டப்பா காத்துக்கிட்டு இருக்கு. கிளினிக்குக்கு ஒரு அப்பா பெருமையா கொண்டுவந்த மாம்பழ யோகர்ட் அது. சர்க்கரை சைபர், புரோட்டீன் டபுள், கொழுப்பு 0%. உள்ளடக்கத்துல ஐஎன்எஸ் 955 (ஐஎன்எஸ்ங்கறது உணவுல சேர்க்குற பொருளுக்கான எண்). அது சுக்ரலோஸ். 960ன்னா ஸ்டீவியா, 950 அசெசல்ஃபேம், 951 அஸ்பார்டேம். சர்க்கரை இல்லாத இந்த இனிப்பூட்டிகளும் ரெண்டு வயசுக்குள்ள வேண்டாம்னு அதே 2023 வழிகாட்டுதல்லயே இருக்கு. இனிப்பா இருந்தாத்தான் தயிர்னு நாக்கு பழகிடும், அப்புறம் வெறும் தயிரைத் துப்பும்.

ஆனா அந்த டப்பாவுல என்னை அதிகம் உறுத்துனது அந்த 0% கொழுப்புதான். அது ஜிம்முக்குப் போறவங்களுக்கான டப்பா. தாய்ப்பாலோட கலோரியில கிட்டத்தட்ட பாதி கொழுப்புல இருந்துதான் வருது. வயிறு சின்னது, நாலு ஸ்பூன்ல நிறைஞ்சிடும். அந்த நாலு ஸ்பூன்லயும் கொழுப்பை எடுத்துட்டா என்ன மிஞ்சும்? ரெண்டு வயசு வரைக்கும் முழுக்கொழுப்புத் தயிர்தான்.

வீட்டுல உறை ஊத்துறவங்க பால் பாக்கெட்டைப் பாருங்க. கொழுப்பு அளவு: டோன்டு 3%, ஸ்டாண்டர்டைஸ்டு 4.5%, ஃபுல் க்ரீம் 6%, டபுள் டோன்டு 1.5%. ஆவின்ல நீலம் டோன்டு, பச்சை ஸ்டாண்டர்டைஸ்டு, ஆரஞ்சு ஃபுல் க்ரீம். மத்த கம்பெனிக்குக் கலர் மாறும், அதனால பாக்கெட்டுல அச்சடிச்ச சதவீதத்தைப் படிங்க. 4.5 இல்லேன்னா 6 எடுங்க. நீலம்தான் கிடைக்குதுன்னா அதுலயே ஊத்துங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது. டபுள் டோன்டு, ஸ்கிம்டு (கொழுப்பு எடுத்தது) ரெண்டையும் தொடாதீங்க.

கிரேக்க யோகர்ட் பத்திக் கட்டாயம் யாராவது கேப்பீங்க. தயிரை வடிகட்டினது, அவ்வளவுதான். வெறும் தயிர்ல 100 கிராமுக்கு 3, 4 கிராம் புரதம்னா இதுல 8, 10 வரும். வடியிற தண்ணியோட கால்சியமும் கொஞ்சம் போயிடும். ஸ்பூன்ல ஒட்டி நிக்கும், பிள்ளை தானா சாப்பிட வசதி. முழுக்கொழுப்பு, வெறும் வகையா இருந்தா குடுக்கலாம். அந்த விலைக்கு அவசியமான்னா, இல்லை. மெல்லிய துணியில கட்டி ஃபிரிட்ஜுக்குள்ள ரெண்டு மணி நேரம் தொங்கவிட்டா அதேதான்.

தேன்கூடு

ஒரே ஒரு வரி. 'ஹனி' என்று போட்ட யோகர்ட், தேன் சேர்த்த ஓட்ஸ் யோகர்ட், எதுவும் ஒரு வயதுக்கு முன் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் வித்துகள் இருக்கலாம். வீட்டில் கொதிக்கவைத்தாலும் அவை சாகாது. குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கும். முதல் அறிகுறி பெரும்பாலும் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்கும் வேகம் குறையும், கழுத்து துவளும். 'ஆர்கானிக் தேன்' என்றாலும் இதே கதிதான்.

குளிர்பெட்டி

நெடுஞ்சாலைக் கடைகளில் பிஸ்கட் பக்கத்திலேயே யோகர்ட் அடுக்கி வைத்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? குளிர்ச்சியே தேவையில்லை, மாதக்கணக்கில் தாங்கும். பயணத்துக்கு வசதி என்று குழந்தைக்காரர்கள்தான் அதிகம் எடுக்கிறார்கள். தயிரான பிறகு மறுபடி சூடாக்கிய வகை அது. கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கும், கெடுதலும் இல்லை. ஆனால் உயிருள்ள கிருமி இருக்காது. வயிற்றுக்கு நல்லது என்று நினைத்து வாங்குகிறவர்கள் 'ஹீட் ட்ரீட்டட்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பழச்சுவை வகையாக இருந்தால் லேபிள்காரன் அண்ணா சொன்ன சர்க்கரைக் கணக்கு இதற்கும் உண்டு.

குளிர்பெட்டியில் இருப்பதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். ராத்திரி சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற கடைகள் உண்டு. மூடி உப்பியிருந்தால் உள்ளே ஈஸ்ட் வளர்ந்து வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், தேதி மிச்சமிருந்தாலும் வேண்டாம். மேலே லேசாக நீர் நிற்பது இயல்பு. தயிர் சுருங்கிக் கப்பின் ஓரத்தை விட்டு விலகி, சுற்றிலும் நீர் நின்றால் அது வெப்பத்தில் கிடந்த சரக்கு.

மட்டக்களப்பான்

இஞ்ச இலங்கையில நிலைமை வேற. கடையில கிடைக்கிற 80 கிராம் செட் யோகட் கப்பிலே பெரும்பாலும் சீனியும் ஜெலட்டினும் இருக்கும். அதைத்தான் சனம் 'சாதாரண யோகட்' எண்டு நினைச்சுக்கொண்டு பிள்ளைக்குத் தீத்துது. சீனி இல்லாதது வேணும் எண்டு கேட்டுத்தான் வாங்கவேணும்.

மற்றது சட்டியில வாற எருமைத் தயிர். றோட்டோரக் கடையில சட்டிக்கு மேல சட்டி அடுக்கி, வாயைக் கடதாசியால கட்டி, வெயில் படப்பட வைச்சிருப்பினம். எருமைப்பாலில கொழுப்பு 7% அளவில இருக்கும். மண்சட்டியும் தண்ணியை உறிஞ்சுறதால கத்தியால வெட்டலாம் போல இறுகி இருக்கும். பிள்ளைக்குக் குடுக்கலாம், ஆனா ரெண்டு தேக்கரண்டி காணும். பால் காய்ச்சித்தான் உறைய விட்டவையோ எண்டு கேளுங்கோ. கடதாசி பட்ட மேற்படையைத் தள்ளிப்போட்டு நடுவில இருந்து சுத்தமான கரண்டியால எடுங்கோ. வீட்டுக்குக் கொண்டுவந்த உடன ஃப்ரிட்ஜுக்குள்ள. கித்துள் பாணி (கித்துள் பனையில எடுக்கிற இனிப்புப் பாகு) பெரியாக்களுக்கு மட்டும்.

டயட்அக்கா_மதுரை

தயிர் எதுன்னு எல்லாரும் பேசுறோம், எவ்வளவுன்னு யாரும் பேசலை. போன மாசம் பாத்த ஒரு ரிப்போர்ட்: பத்து மாசப் பிள்ளை, எடை நல்லாத்தான் இருக்கு, ஹீமோகுளோபின் மட்டும் விழுந்து கிடக்கு. என்ன சாப்பாடுன்னு கேட்டா மூணு வேளையும் தயிர்சாதம். சண்டை போடாம சாப்பிடுதுன்னு வீட்டுல சந்தோஷம்.

பால், தயிர்ல இரும்புச்சத்து ஏறக்குறைய இல்லை. கூடவே பாலோட கால்சியமும் கேசின்ங்கற புரதமும் மத்த சாப்பாட்டுல இருக்கிற இரும்பை உடம்பு எடுக்க விடாம தடுக்கும். அதனால கீரை, பருப்பு, ராகி, ஈரல், முட்டை குடுக்குற வேளையில தயிரைக் கலக்காதீங்க. தயிர் தனி வேளை, ஒரு நாளைக்கு ஒரு தடவை. 6-8 மாசத்துல 2, 3 டேபிள்ஸ்பூன் போதும், 9 மாசத்துக்கு மேல கால் கப் வரைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துல தர்ற இரும்புச்சத்து சிரப், வாரம் ரெண்டு நாள் 1 மி.லி. அதையும் தயிர், பாலோட குடுக்காதீங்க, ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடுங்க.

தயிரை ஆறு மாசம் முடிஞ்சதும் குடுக்கலாம், பசும்பாலை மட்டும் ஏன் ஒரு வருஷம் வரைக்கும் வேணாங்கறீங்கன்னு கேப்பாங்க. பால்னா டம்ளர் டம்ளரா போயி தாய்ப்பாலோட இடத்தைப் பிடிச்சுடும். தயிர் ரெண்டு ஸ்பூனோட நிக்கும்.

கோவை_தாத்தா

மூணு வேளை தயிர்சாதம் தின்னு வளர்ந்த ஊரு இது அம்மணி. ஒண்ணும் ஆகலீங்களே. சாயங்காலம் மட்டும் குடுக்கக்கூடாது, சளி புடிச்சுக்கும்.

குளிர்பெட்டி

ஐயா, சளி வைரஸால் வருவது; தயிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊட்டினால் குழந்தை முகம் சுளிக்கும், அவ்வளவுதான். வேண்டிய அளவைக் கிண்ணத்தில் எடுத்து 15 நிமிடம் வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் கிண்ணத்தை நிறுத்துங்கள். மைக்ரோவேவ் வேண்டாம்: ஓரம் கொதிக்கும், நடு குளிர்ந்திருக்கும், தயிரும் திரிந்துவிடும். டப்பாவிலிருந்து நேராக ஊட்டவும் வேண்டாம். எச்சில் கரண்டி உள்ளே போனால் மறுநாள் தயிர் நீர்த்துவிடும், கிருமியும் சேரும்.

வாயோரச்சிவப்பு

முதல் தடவை தயிர் கொடுத்ததும் வாயைச் சுற்றி, கன்னத்தில் கரண்டி பட்ட இடத்தில் மட்டும் சிவக்கும். அதைப் பார்த்து 'பால் அலர்ஜி' என்று முடிவுகட்டி ஒரு வருஷம் பாலே காட்டாத வீடுகள் இருக்கின்றன. தயிரின் புளிப்பு மென்தோலில் பட்டாலும் சிவக்கும். தொட்ட இடத்தோடு நிற்கும், துடைத்தால் அரை மணியில் மறையும். ஊட்டுவதற்கு முன் உதட்டைச் சுற்றி கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

அலர்ஜி வேறு மாதிரி வரும். தயிர் படாத வயிறு, முதுகு என்று தடிப்புத் தடிப்பாக எழும்பும். உதடு, இமை வீங்கும். இருமல், மூச்சில் விசில் சத்தம், குழந்தை துவளும். பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். மூச்சுத் திணறலோ துவண்டு போவதோ தெரிந்தால் உடனே 108. இன்னொரு வகை உண்டு: தடிப்பே வராது, ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து திரும்பத் திரும்ப வாந்தி, முகம் வெளுத்துப்போகும். 'காலையில் கொடுத்த தயிர் ஒத்துக்கொண்டதே' என்று இதைத் தவறவிடுவார்கள்.

அதனால் முதல் தடவை காலையில், அரை டீஸ்பூன். கால் மணி நேரம் பார்த்துவிட்டு இன்னும் ஒரு ஸ்பூன். அன்றைக்கு வேறு புது உணவு வேண்டாம். கடுமையான எக்சிமா (தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய்) இருக்கும் குழந்தைக்கு டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

உறைமோர்

இத்தனை லேபிள் படிப்பதற்குப் பதில் வீட்டில் உறை ஊற்றுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

அரை லிட்டர் பால். பொங்கியதும் இறக்கிவிடாமல் சிறு தீயில் ஐந்து நிமிடம் கிண்டியபடி காய்ச்சுங்கள். அந்தச் சூட்டில் பாலின் மோர்ப்புரதம் இளகிக் கேசினோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டியாக உறைவது அதனால்தான். பிறகு 40-43 டிகிரிக்கு ஆறவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால், நன்றாகக் கழுவிய சுண்டுவிரலைப் பத்து எண்ணும் வரை வைத்திருக்க முடிய வேண்டும், கதகதப்பும் தெரிய வேண்டும். 50 டிகிரிக்கு மேல் பிரை (உறை ஊற்றும் பழைய தயிர்) விட்டால் கிருமி செத்துவிடும்; காலையில் பால் பாலாகவே நிற்கும், இல்லாவிட்டால் துகள் துகளாகத் திரிந்து நீர் பிரியும். ரொம்ப ஆறிப்போன பின் விட்டால் உறைய நேரமாகும், அதற்குள் வேறு கிருமிகள் முந்திக்கொண்டு தயிர் கொழகொழவென்று நூல் இழுக்கும்.

பிரை ஒரு டீஸ்பூன், முந்தின நாள் தயிர். அதிகம் விட்டால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் புளிக்கும். குழந்தைக்கென்று தனியாகச் சின்னச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி மூடுங்கள். பெரிய சட்டியில் வீடே கரண்டி விடும். கிண்ணத்தைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் 4, 5 மணி நேரம், மார்கழியில் 8 மணிக்கு மேலும் ஆகும். சாய்த்தால் அசையாமல் நின்றதும் ஃபிரிட்ஜ். வெளியே கிடக்கக் கிடக்கப் புளிப்பு ஏறும். இரண்டு நாளில் முடித்துவிடுங்கள், மிச்சம் பெரியவர்களுக்கு மோர்.

உப்பு வேண்டாம். மசாலா மோர் பாக்கெட்டில் உப்பு, மிளகாய், பெருங்காயம் எல்லாம் இருக்கும், அதுவும் ஒரு வயதுக்குள் வேண்டாம். இனிப்பு கேட்டால் மசித்த வாழைப்பழம், வேகவைத்த ஆப்பிள், சப்போட்டா.

புதுஅம்மா

@உறைமோர் அக்கா, பிரை தீர்ந்துட்டா மிளகாய்க் காம்பு போட்டு உறைய வைக்கலாம்னு மாமியார் சொல்றாங்க. குழந்தைக்கு ஓகேவா?

உறைமோர்

உறையும்மா. காம்பில் இயல்பாகவே லாக்டிக் கிருமிகள் இருக்கும். ஆனால் கூடவே வேறு என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது, சந்தையில் பட்ட அழுக்கு, பூச்சிமருந்து எல்லாம் சேர்ந்துதான் பாலில் இறங்கும். பெரியவர்களுக்கு வேண்டுமானால் அப்படி ஊற்றிக்கொள்ளட்டும். குழந்தைக்கு, கடையில் சின்ன வெறும் தயிர் பாக்கெட் ஒன்று வாங்கிப் புதுப் பிரையாகத் தொடங்கு. உள்ளடக்கத்தில் பாலும் கல்ச்சரும் மட்டும் இருக்கட்டும். 'ஹீட் ட்ரீட்டட்' வகையைப் பிரையாக விட்டால் பால் உறையாது. மேலே ரோஸ் நிறமோ, ஆரஞ்சோ, பூசணமோ தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்காதே, முழுக் கிண்ணத்தையும் கொட்டிவிடு. அதிலிருந்து பிரையும் எடுக்காதே.