டிபிஎஃப் அடைப்பு வாரண்டியில் வராதாம், என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் பிஎஸ்6 டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். வாங்கி இரண்டு வருடம், 31,000 கிலோமீட்டர். வாரண்டி இன்னும் இருக்கிறது.

மூன்று மாதமாக ஒரே தொல்லை. டிபிஎஃப் (டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் இழுவை போய்விடும். தக்காளிப் பெட்டிகளோடு மேட்டில் ஏறவே ஏறாது. ஷோரூம் சர்வீஸுக்கு நான்கு முறை போயாயிற்று. லேப்டாப்பை மாட்டி ரீஜெனரேஷன் (ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிப்பது) செய்து, "சரியாயிடுச்சு அண்ணே" என்று அனுப்புவார்கள். பத்து நாளில் பழைய கதைதான்.

இப்போது ஃபில்டரையே மாற்ற வேண்டுமாம். "குட்டி குட்டி ட்ரிப் ஓட்டுறீங்க, சூடு ஏறாம கரி அடைச்சுக்குது, இது வாரண்டியில வராது" என்கிறார் அட்வைசர். தோட்டத்திலிருந்து மார்க்கெட் 9 கிலோமீட்டர்தான், அது உண்மை. கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும் என்பதால் வாரம் ஒருமுறை திண்டுக்கல் ரோட்டில் அரை மணி நேரம் சீராக ஓட்டியும் பார்த்தேன். டீசல் போனதுதான் மிச்சம்.

இன்னொன்று, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுகிறது, டீசல் வாடையும் அடிக்கிறது. இன்ஜெக்டரோ பிரஷர் சென்சாரோ கோளாறாக இருக்குமோ என்று சந்தேகம். கேட்டால் சோதிக்காமலே இல்லை என்று தலையாட்டுகிறார்கள்.

யாருக்காவது இப்படி ஆகி வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்களா? கம்பெனிக்கு எழுதும்போது என்னென்ன சோதனை கேட்க வேண்டும்? நான்கு சர்வீஸில் இரண்டுக்குத்தான் ஜாப் கார்டு கையில் இருக்கிறது. 1915 நுகர்வோர் எண்ணில் புகார் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். டிபிஎஃப்பைக் கழற்றி எறி என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை ஏற்கெனவே ஊரே சொல்லிவிட்டது.