யாரைக் கல்வி கற்றவர் என்று சொல்வது?

கேள்வி (திருமயத்துக்காரன்):
ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் பொருள் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால், பள்ளிக்கே போகாதவராயினும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவரை எழுத்தறிவு பெற்றவராகவே கொள்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இவர்களின் பங்கு 80.09 விழுக்காடு. வயது வந்தோருக்கான அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்ற என் அத்தை அந்தக் கணக்கில் வருவார்; மகளிர் குழுவின் வரவு செலவையும் அவரே எழுதுகிறார். ஆனாலும் உறவினர்கள் அவரைப் படிக்காதவர் என்றே சொல்கிறார்கள். பொறியியல் பட்டம் பெற்ற என் தம்பியோ, வட்டி மாறக்கூடியது என்ற வரியைப் பார்க்காமலேயே கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டான். இவர்களில் யாரைக் கற்றவர் என்பது?

கீரனூர்வாசி:
உங்கள் அத்தையைத்தான் முதலில் சொல்வேன். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் பிற தொண்டர்களும் அதை அரிச்சுவடியோடு நிறுத்திவிடவில்லை. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதும் அதன் பகுதியாயிற்று; கற்பிக்க வந்த பெண்களும் கற்க வந்த பெண்களுமாகப் பல்லாயிரம் பேர் ஓட்டத் தொடங்கினார்கள். கூலிக்குக் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைத் தாளைத் தானே படிப்பதும், எத்தனை லோடு போயிற்று என்று தானே குறித்துவைப்பதும் அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பாக இருந்தன. எழுத்து கைக்கு வந்ததும் அதைக் கொண்டு தன் வாழ்வின் கணக்கைத் தானே பார்ப்பவரைப் படிக்காதவர் என்பது பெரிய அநீதி.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
ஐயா சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் இந்தப் பேச்சு, பள்ளிப் படிப்பு தேவையில்லை என்ற இடத்துக்குப் போய்விடக் கூடாது என்று அஞ்சுகிறேன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் என்று காமராசரை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவரோ முதலமைச்சரானதும் ஊர்தோறும் பள்ளிகளைத் திறப்பதிலும், 1956 முதல் மதிய உணவு கொடுத்துப் பிள்ளைகளை அங்கே வரவைப்பதிலும்தான் முனைந்து நின்றார். தவிர, வயது வந்தபின் கற்ற எழுத்து, படிக்க எதுவும் கிடைக்காவிட்டால் சில ஆண்டுகளிலேயே மறந்துபோகும். உங்கள் அத்தைக்கு மறக்காமல் இருப்பதற்கு அந்தக் குழுவின் பேரேடும் ஒரு காரணமாக இருக்கும்.

மதுரை வாசகன்:
தம்பியைக் குறைசொல்வதற்குமுன், அவர் கற்ற விதத்தைப் பார்க்க வேண்டும், நண்பரே. விடை முன்பே முடிவாகிவிட்ட வினாக்களுக்கு மதிப்பெண் வாங்கத்தான் பள்ளியிலும் கல்லூரியிலும் நம்மைப் பழக்குகிறார்கள். அறிமுகமில்லாத ஒரு தாளைக் கொடுத்து, இதில் உனக்குப் பாதகமானது எது என்று யாரும் கேட்பதில்லை. புரியாத வரியைப் புரியவில்லை என்று கூச்சமின்றிச் சொல்லி விளக்கம் கேட்கும் பழக்கம் பட்டத்தோடு தானாக வந்துவிடாது. அந்தப் பழக்கம் உள்ளவரையே நான் கற்றவர் என்பேன்.

திருமயத்துக்காரன்:
அந்தப் பழக்கம் அத்தையிடம் நிச்சயம் உண்டு. வங்கியில் படிவம் கொடுத்தால், ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திடுவார். பின்னால் நிற்பவர்கள் சலித்துக்கொண்டாலும் பொருட்படுத்தமாட்டார். ஆசிரியை அம்மா சொன்னதும் சரி, எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வேண்டும் என்ற ஆசை அவருக்கு இன்னமும் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும் முறையை அறிந்தவர்கள் இங்கே எழுதினால் உதவியாக இருக்கும்.