முதல் உலகப்போரில் இறந்தவரின் வெண்கல வட்டு: புளி போட்டுத் துலக்கலாமா? பெயரை எங்கே தேடுவது?

பெரம்பூர் வாசி:
வணக்கம். பாட்டியின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வெண்கல வட்டு ஒன்றும், ரிப்பன் இற்றுப்போன வெள்ளிப் பதக்கம் ஒன்றும் கிடைத்தன. வட்டில் சூலம் ஏந்திய பெண்ணும் அருகே சிங்கமும் இருப்பதால், பாட்டி அதைத் துர்க்கை என்று எண்ணிக் குங்குமம் வைத்து வந்திருக்கிறார். ஆனால் அதிலுள்ள ஆங்கில எழுத்துகள் என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி பெயரைக் காட்டுகின்றன. அவர் மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) போய்த் திரும்பவில்லை என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆயுத பூஜைக்குள் அதைப் புளி போட்டுத் துலக்கிவிட வேண்டும் என்று அத்தை நிற்கிறார். துலக்கலாமா? நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் அவர் பெயர் இருக்குமா?

பழம்பொருள் ஆர்வலர், பாரிமுனை:
தயவுசெய்து துலக்காதீர்கள். அந்தப் பெண் துர்க்கை அல்லள், பிரிட்டனைப் பெண்ணாக உருவகிக்கும் பிரிட்டானியா. போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவு வட்டு அது; சுமார் 12 சென்டிமீட்டர் விட்டம் கொண்ட இவ்வகை வட்டுகள் 13 லட்சத்துக்கும் மேல் வார்க்கப்பட்டன. பெயர் வெட்டப்படாமல் புடைப்பாக வார்க்கப்பட்டிருப்பதால், புளியோ பாத்திரப் பொடியோ முதலில் தின்பது அந்த எழுத்துகளைத்தான். குங்குமத்தை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்தால் போதும். கறுத்த பூச்சு உலோகத்துக்குக் காவல். வட்டில் பதவியோ படைப்பிரிவோ இருக்காது. இறந்தவர்களுக்குள் மேல் கீழ் வேண்டாம் என்று அப்படிச் செய்தார்கள். ஆகவே வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அங்கே சிப்பாயின் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கும்.

ஓய்வுபெற்ற சுபேதார், பரங்கிமலை:
நந்தம்பாக்கத்தில் தேட வேண்டாம். 1952-இல் அமைக்கப்பட்ட அந்தக் கல்லறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்கள். உள்ளே 1914-1918 போருக்கென ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள் இந்தியாவிலேயே புதைக்கப்பட்டு, கல்லறை பராமரிக்க முடியாமல் போனவர்களுடையவை.

மெசபடோமியாவில் இறந்து, கல்லறை அறியப்படாதவர்களுக்கான சின்னம் இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவகம். அது 40,000-க்கும் மேற்பட்டோரை நினைவுகூர்கிறது. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது: அந்தச் சுவரில் அதிகாரிகளின் பெயர்களை வெட்டியவர்கள், இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள். இத்தகைய வேற்றுமைகளுக்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021-இல் மன்னிப்புக் கேட்டது. ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரும் எண்ணும் கொண்டு தேடலாம். ஆனால் அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால், முனுசாமி என்பது நான்கு விதமாக வரும். எண்ணையே நம்புங்கள். சென்னையில் நின்று வணங்க ஓர் இடம் வேண்டுமென்றால், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குச் செல்லலாம்.

ஆற்காட்டுக்காரன்:
சொந்த ஊரிலும் விசாரியுங்கள். ‘இந்த ஊரிலிருந்து பெரும்போருக்குச் சென்றவர்கள் இத்தனை பேர், உயிர் துறந்தவர்கள் இத்தனை பேர்’ என்று அன்றைய அரசு பதித்த கல் பலகைகள் பல கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. அங்கும் எண்ணிக்கைதான்! நடுகல்லில் பேரும் செயலும் வெட்டிய நாட்டில் இப்படி.

பெரம்பூர் வாசி:
மூவருக்கும் நன்றி. பதக்கத்தின் விளிம்பில் எண் தெளிவாகத் தெரிகிறது. அதைக் கொண்டு தேடியதில், பாஸ்ரா நினைவகத்தின் கீழ் அவர் பெயர் ஓர் எழுத்து மாறி வந்தது. சுவரில் இல்லாத பெயர் இந்த வட்டில் இருக்கிறது என்று சொன்னதும், அத்தை புளிப் பானையை எடுத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டார். ஆனால் ஆயுத பூஜையன்று வட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளில் குங்குமம் வைப்பேன் என்கிறார். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.