அப்பாவுக்கு முதியோர் உதவித்தொகையா, பி.எஃப். பென்ஷனா? காப்பீட்டு அட்டைக்கு எங்கே போவது?

கொரடாச்சேரிப் பெண்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 66 வயது. கோயில் நிலம் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) குத்தகைக்குப் பார்க்கிறார், சொந்தப் பட்டா எதுவும் இல்லை. முட்டி தேய்ந்துவிட்டது. இந்தக் குறுவைக்கு நாற்றங்காலில் இறங்கியவர், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வரப்பில் ஏறப் பார்த்து முடியாமல், பக்கத்து வயல்காரர் தூக்கிவிட்டார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முட்டி மாற்ற வேண்டும் என்று சொல்லி முதலில் முன்பணம் கட்டச் சொன்னார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டதில் ‘மகன் ஆதரவில் உள்ளார்’ என்று தள்ளிவிட்டார்கள். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அவன் குடும்பத்துக்கே அது பற்றவில்லை. ரேஷன் கார்டில் மட்டும் அவன் பெயர் இன்னும் எங்களோடுதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுக்கவில்லை.

இன்னொன்று, அப்பா 1988 முதல் 2003 வரை ஒரு சர்க்கரை ஆலையில் நிரந்தர வேலை பார்த்தார். விலகியபோது பி.எஃப். பணம் வாங்கிவிட்டேன், இனி ஒன்றும் வராது என்கிறார். சரிதானா?

பழைய டைம் ஆபீஸ்:
அம்மா, கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் ஆலையில் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். ‘பி.எஃப். வாங்கிவிட்டேன்’ என்று சொல்லியே பென்ஷனை விட்டவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

முதலாளி கட்டும் பங்கில், சம்பளத்தின் 8.33 சதவீத அளவு பி.எஃப். கணக்குக்குப் போகாது, பென்ஷன் நிதிக்குப் போகும். 1995 நவம்பர் 16 முதல் இதுதான் முறை. பத்து வருடம் சர்வீஸ் முடித்தவருக்கு அந்தப் பென்ஷன் பங்கை மொத்தமாகத் திருப்பித் தர விதியில் இடமில்லை, 58 வயதில் மாதப் பென்ஷன்தான். அதற்கு முன்பு 1971-ஆம் ஆண்டுக் குடும்ப பென்ஷன் திட்டத்தில் பிடித்திருந்தால் அந்த வருடங்களும் சேரும். ஆகவே அப்பா வாங்கியது பி.எஃப். மட்டும்தான் என்றால் பென்ஷன் கேட்கப்படாமலே கிடக்கிறது. 10-டி படிவம் கொடுக்க வேண்டும். திருச்சி பி.எஃப். அலுவலகம் வரை அவரை அலைக்கழிக்க வேண்டாம். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி வாக்கில் மாவட்டங்களில் அவர்களே முகாம் போடுகிறார்கள், அங்கே கேளுங்கள். பழைய சம்பளச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள், பி.எஃப். எண் அதில் இருக்கும்.

தொகை பெரிதாக இருக்காது. குறைந்தபட்சப் பென்ஷன் 2014 முதல் 1,000 ரூபாய். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது, அதைப் பார்த்தால் இது குறைவுதானே என்று தோன்றும். ஆனால் உதவித்தொகை அப்பாவோடு நின்றுவிடும். பி.எஃப். பென்ஷன் அவருக்குப் பிறகு அம்மாவுக்குத் தொடரும். யார் தயவும் இல்லாமல், அவர் உழைத்ததற்கு வருகிற பணம். அதை விடாதீர்கள்.

வேறு பென்ஷன் வருபவருக்கு முதியோர் உதவித்தொகை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். மறைத்து இரண்டையும் வாங்கினால் பின்னால் தொல்லை.

நன்னிலம் இ-சேவை:
அக்கா, தம்பி நிஜமாகவே தனிக்குடித்தனம் என்றால் அவர் குடும்பத்தின் பெயர்களை உங்கள் கார்டிலிருந்து நீக்கி, அவருக்குத் தனி கார்டு போடுங்கள். அவர் பெயர் அதில் இருக்கிறவரை வருமானச் சான்றிலும் அவர் சம்பளம் சேர்ந்து வரும். காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அங்கேதான் இடிக்கும்.

வருமானச் சான்றுக்கு இ-சேவையில் கட்டணம் 60 ரூபாய், உதவித்தொகை மனுவுக்கு 10 ரூபாய். அதற்கு மேல் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். சான்று வந்ததும் ரேஷன் கார்டு, ஆதாரோடு திருவாரூர் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். பி.எஃப். பென்ஷன் சரிவரவில்லை என்றால், தனி கார்டு வந்த பிறகு உதவித்தொகைக்கு மறுபடி மனு போடலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தஞ்சை நர்ஸ்:
அட்டை கைக்கு வருவதற்குள் எங்கேயும் பணம் கட்டி ஆபரேஷன் செய்துவிடாதீர்கள் சகோதரி. இந்தத் திட்டத்தில் ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்குவார்கள். நாம் கட்டிய பிறகு திரும்பக் கேட்பது நடக்காத காரியம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, முட்டி மாற்றும் ஆபரேஷனும் அதில் இருக்கிறது. தஞ்சை மெடிக்கலில் எலும்புப் பிரிவில் காட்டுங்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரி என்றால், அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகக் காசு கேட்கக் கூடாது. கேட்டால் 1800 425 3993-க்குப் போன் செய்யுங்கள்.

அதுவரை மக்களைத் தேடி மருத்துவம் பெண் தன்னார்வலரிடம் சொல்லி வையுங்கள். பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் இல்லை, பிசியோதெரபிக்கும் வீட்டுக்கே ஆள் வருவார்கள். வயசானவர் முட்டிக்கு அது பெரிய உபகாரம்.

கொரடாச்சேரிப் பெண்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டிரங்குப் பெட்டியில் அரவைப் பருவத்துச் சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தது, பி.எஃப். எண் தெளிவாக இருக்கிறது. அப்பாவுக்கே முகம் மாறிவிட்டது. ஆனால் அதில் பெயர் ‘கோவிந்தன்’, ஆதாரில் ‘கோவிந்தராஜ்’. ஆலையோ மூடிக் கிடக்கிறது, யாரிடம் திருத்துவது?

பழைய டைம் ஆபீஸ்:
கூட்டு உறுதிமொழிப் படிவம் என்று ஒன்று உண்டும்மா. ஆலை இயங்கினால் ஆலை அதிகாரி கையெழுத்துப் போடுவார். மூடிய ஆலை என்றால் கெஜட்டட் அதிகாரி சான்றளித்தாலும் எடுத்துக்கொள்வார்கள். அதை முடித்துவிட்டு 10-டி போடுங்கள். பாங்க் பாஸ்புக்கில் எந்தப் பெயர் என்று இப்போதே பார்த்துவிடுங்கள், அதுவும் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும்.