புதுப்பிப்பு: வேட்டித் துணி முகக்கவசம், இப்போது மூன்று அடுக்கு

கொரோனா பரவலைத் தடுக்க, பழைய வேட்டியை இரண்டாக மடித்து முகக்கவசம் தைப்பது பற்றி 2020 ஏப்ரலில் எழுதியிருந்தேன். 2020 ஜூன் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் மூன்று அடுக்குகளைப் பரிந்துரைத்தது: உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் நெய்யாத பாலிப்ரொப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக் இழைத் துணி), வெளியே ஈரம் ஒட்டாத பாலியஸ்டர் கலந்த துணி.

நடு அடுக்குக்கு ஜவுளிக்கடையில் தரும் துணி போன்ற பையை வெட்டிக்கொள்ளலாம். பெரும்பாலும் அது பாலிப்ரொப்பிலீன்தான். ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், உருகிவிடும். சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள்.

எலாஸ்டிக் கிடைக்கவில்லை என்றவர்களுக்கு: பழைய பனியனைக் குறுக்கே விரல் அகலத்துக்கு வெட்டி இழுங்கள். கயிறாகச் சுருண்டுவிடும், காதும் வலிக்காது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்திருக்கிறது.

கைக்குழந்தைக்குத் தைக்கலாமா என்று கேட்ட தங்கைக்கு: வேண்டாம்மா, இரண்டு வயதுக்குள் மூச்சு முட்டும் ஆபத்து உண்டு.